நேர்ந்துவிட்ட கால்

நடந்தவை இவை:

1. மலாய் நாடு விடுதலை பெறவிருந்த வருடத்தின் தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

2. காய்ச்சல் போகும்போது இடது காலின் பலத்தில் பெரும்பகுதியைத் தன்னோடு கொண்டுபோனது.

3. வரும் திருவிழாவில் என் மகள் யார் கையையும் பிடிக்காமல், தன் காலால் நடந்து பால்குடம் கொண்டுவருவாள் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

4. அந்த ஒரு நாள் நடைக்காக, அதுவரை என்னை நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

5. என் இடது கொலுசு தொலைந்தது.

6. திருவிழா வந்தது.

நான்காவதைப் படித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். என் வயதை ஒட்டியவர்கள், முப்பதைத் தொட்டும் தொடாமலும் நிற்பவர்கள், இன்று அப்படிச் சிரிக்கலாம். அன்று எங்கள் சந்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அரிசியைப் பானையில் சேர்த்துவைப்பதுபோல் பலத்தையும் காலுக்குள் சேர்த்துவைக்கலாம், எடுத்துச் செலவழித்தால் குறைந்துவிடும் என்று எல்லோரும் உண்மையாகவே நம்பினார்கள். மருத்துவமனையில் காலைத் தட்டிப் பார்த்தவர், "பத்திரமா பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் சந்துக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

சந்து காஜா பேராங் சாலையிலிருந்து பிரிந்து, கம்போங் செட்டி என்ற பழைய கிராமத்தின் பின்புறமாக நீண்டுபோகும். செம்மண் பாதை. ஒரு பக்கம் படிவைத்த பழைய செட்டி வீடுகள். மறுபக்கம் எங்களைப் போன்றவர்கள் வாடகைக்கு இருந்த பலகை வீடுகள். சாலை முனையில் ஒரு தமிழ் முஸ்லிமின் மளிகைக் கடை; அவரை எல்லோரும் நானா என்போம். கடைக்கு முன்னால் ஒரு பெரிய கால்வாய், அதன்மேல் பாலமாகக் கிடந்த இரண்டு தென்னந்தண்டுகள். சந்தின் மறுகோடியில் குட்டை. குட்டைக்கு அப்பால் புல்லும் சேறும் கலந்த ஒரு கரை, அதைத் தாண்டி மாரியம்மன் கோயிலின் பின்வாசல். முன்வாசலுக்குப் போகும் பாதை குட்டைக்கு முன்னாலேயே திரும்பிச் சுற்றிப்போகும். காய்ச்சலுக்கு முன்பு இவ்வளவும் என் காலுக்குத் தெரியும். எந்த வேர் எங்கே புடைத்திருக்கிறது, எந்தத் தண்டு மழையில் வழுக்கும் என்று பார்க்காமலே ஓடுவேன்.

காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சந்து முழுவதையும் காற்றில் மிதந்தபடி பார்த்தேன். அந்தப் பருவம் முழுக்க நான் தரையில் இல்லை.

நாள் அப்பாவின் தோளிலிருந்து தொடங்கும். விடியலில் அவர் நகராண்மைக் கழகத்தின் குழாய் வேலைக்குக் கிளம்புமுன் என்னைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போவார். அவர் சட்டையில் இரும்புத் துருவின் மணம் இருக்கும். பிறகு அம்மாவின் இடுப்பு. பிறகு சித்தப்பாவின் சைக்கிள். எங்கள் வீட்டிலேயே தங்கி மர ஆலையில் வேலை பார்த்த சித்தப்பா, சைக்கிளின் பின்கேரியரில் கோணிப்பையை மடித்துப்போட்டு எனக்கு இருக்கை செய்திருந்தார். அவர் இல்லாத நேரங்களில் யார் வழியில் கிடைக்கிறார்களோ அவர்கள். வேலிகளுக்கு மேலாக மிதந்துபோவேன். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாதவை எனக்குத் தெரிந்தன: நிப்பா ஓலைக் கூரையின்மேல் காயும் மீன், யார் வீட்டு மதிலின் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது, ஒவ்வொருவர் தலையில் என்ன எண்ணெய். வெயிலில் கண் சொருகும். கைகள் மாறுவது மட்டும் தெரியும். பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நேர்த்திக்கடன் சந்துக்கே தெரிந்துவிட்டதால் என் கால் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அம்மனுக்கு நேர்ந்த காலைச் சுமப்பவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு தூக்குவதற்குப் போட்டி.

ஒரு நாள் நானா கடை வாசலில் சித்தப்பா சைக்கிளை நிறுத்தியதும் நான் மெல்ல இறங்கப் பார்த்தேன். நானா கல்லாவைவிட்டு ஓடிவந்து, என்னை அப்படியே தூக்கி அரிசி மூட்டையின்மேல் உட்காரவைத்தார். கையில் ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே, வறுத்த கடலை.

"எறக்கி விடுங்க நானா. நான் நடந்தே வாரேன்."

"சும்மா இரு மா. உங்கம்மா பாத்தா என்னைத்தான் ஏசும். நேர்ந்த காலு வேற. கீழ விட்டா எனக்குப் பாவம் இல்லியா?"

"நீங்க தொழுவுற ஆளு நானா," என்றார் சித்தப்பா. "உங்களுக்கு எப்படி அந்தப் பாவம் வரும்?"

"பாவம் எல்லாருக்கும் பொதுலா தம்பி."

கடை ரேடியோவில் விடுதலைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதைக் கைகாட்டினார். "நாடே சொந்தக் கால்ல நிக்கப் போவுதுன்னு அங்க கத்துறான். எங்க வீட்டு மகாராணிக்கு மட்டும் பல்லக்கு கேக்குது." சொல்லிவிட்டு, மகாராணியை அவரே தூக்கிப்போய்க் கேரியரில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரைக்குப் போவோம். சூடான மணலில் காலைப் புதைத்தால் பலம் வரும் என்று அப்பாவுடன் வேலை செய்தவர் சொல்லியிருந்தார். சித்தப்பா குழி தோண்டி, இடது காலை முழங்கால்வரை புதைத்து, மேலே தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். நான் ஒரு மரம்போல அங்கே நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வேன். கடல் பின்வாங்கியிருக்கும். தொலைவில், கண்ணாடிபோல மின்னும் ஈரத்தில், பிள்ளைகள் நண்டைத் துரத்தி ஓடுவார்கள். அவர்கள் கூச்சல் காற்றில் கரைந்து, வேறொரு ஊரிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணலிலிருந்து காலை உருவியபோது, கால் வந்தது, கொலுசு வரவில்லை.

மணலைக் கிளறி அதை எடுத்தேன். பொங்கலுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு. திருகாணி கழலவில்லை, பூட்டியபடியே இருந்தது. வலது காலில் இருந்த அதன் ஜோடியை இழுத்துப் பார்த்தேன்; கணுக்காலைத் தாண்டவில்லை. இடது கொலுசு குதிகாலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒன்பது வயதுக்கு அந்தக் கணக்கு எளிது. சேர்த்துவைத்த பலம் சேரவில்லை. கால் கரைந்துகொண்டிருந்தது. திருவிழாவில் நான் விழுவேன். எல்லோர் முன்னிலையிலும் அம்மாவின் வாக்கு விழும்.

யாரிடமும் சொல்லவில்லை. கொலுசுக்கு உள்ளே சிவப்பு நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மாலையில் என்னைக் குட்டையோரத் துவைகல்லில் உட்காரவைப்பது வழக்கம். காற்றாட இருக்கட்டும் என்று சித்தப்பா விட்டுவிட்டுப் போவார். துணி துவைப்பவர்கள் காலையிலேயே முடித்துவிடுவார்கள். ஆண்கள் நானா கடை ரேடியோவைச் சுற்றி நிற்பார்கள். வீடுகளில் விளக்கேற்றும் நேரம். சந்தில் ஆளே இல்லாத ஒரே வேளை அது.

குட்டையை ஒட்டிய வீட்டில் ஒரு செட்டிப் பெண்மணி வாத்து வளர்த்தார். பருத்த உடம்பு, இறுக்கிய கொண்டை, சாயம்போன கெபாயா சட்டை. நாங்கள் மாமி என்போம். பல தலைமுறைக்கு முன்பே வந்து இங்கே ஊன்றிவிட்ட செட்டிக் குடும்பம் என்பதால் அவருக்குத் தமிழ் பேச வராது. அவர் வீட்டில் எல்லோரும் பேசியது மலாய்தான். அம்மன், பூசை, மாமி என்று சில தமிழ்ச் சொற்கள் அதன் நடுவே தலைகாட்டும். அவர் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குட்டையிலிருந்து வாத்துகளைக் கூட்டிற்குத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். இந்தக் கரையில் ஒருவர் கூப்பிட்டால் அவை அந்தக் கரைக்குப் போகும். அங்கே ஒருவர் மூங்கிலைத் தட்டினால்தான் திரும்பும். அந்தக் கரையில் நிற்கும் அவர் மகன் அந்த வருடம் துறைமுக வேலைக்குப் போய்விட்டான். புல்கரைச் சேறு மாமியின் பாரத்தைத் தாங்காது. இருட்டும்வரை அவர் ஒரு பக்கமாகவே கத்திக்கொண்டிருப்பார். குட்டையில் ஓர் உடும்பு இருந்தது. அது ஏற்கெனவே சில வாத்துகளைக் கொண்டுபோயிருந்தது.

"ஓய், புடாக்!" என்றார் ஒரு மாலை. பிள்ளைகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பக்கம் போ. பூசிங்!"

பூசிங் என்றால் சுற்றி வா.

"நடக்கக் கூடாது மாமி. அம்மனுக்கு நேர்ந்த கால்."

"அம்மன் காலை அம்மன் பார்த்துக்கொள்வார். என் வாத்தை உடும்பு பார்த்துக்கொண்டிருக்கிறது. பூசிங்!"

மூங்கில் கழி என் மடியில் வந்து விழுந்தது.

நான் இறங்கினேன். செம்மண் பாதையைப்போல அந்தக் கரை காலைத் திருப்பி அடிக்கவில்லை. அடி வைத்ததும் உள்வாங்கி, விரல்களுக்கு இடையே குளிர்ந்து ஏறி, பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தது. கழியை ஊன்றினேன். இடது கால் எனக்குப் பின்னால், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டதுபோல் வந்தது. விழுந்தேன். சேறு ஏந்திக்கொண்டது. சந்தில் விழுந்திருந்தால் நாலாபக்கமும் கைகள் பறந்துவந்திருக்கும். இங்கே ஒரு வாத்துகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தேன். தண்ணீரில் வானம் செம்பருத்தி நிறத்தில் கிடந்தது. வாத்துகள் அதைக் கிழித்துக்கொண்டே போயின, அது அவற்றுக்குப் பின்னால் மூடிக்கொண்டே வந்தது. கழியைத் தட்டினேன். அவை திரும்பின.

மாமி பாராட்டவில்லை. "ஆமை மாதிரி போகிறாய்," என்றார். மறுநாளும் கழியை எறிந்தார்.

அதன் பிறகு எத்தனை மாலைகள் என்று எனக்கு நினைவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட மாலையாகத்தான் இருக்கிறது. பகல் முழுவதும் சந்து என்னைத் தூக்கித் திரியும். பொழுது சாய்ந்ததும் வாத்துகள் என்னை நடத்தும். துவைகல்லுக்குத் திரும்பிக் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால், சித்தப்பா வந்து, "பாவம், அசையாம இருக்கு புள்ள," என்று தூக்கிக்கொள்வார். விழுவது குறைந்தது. கழி ஊன்றுவதற்கு இல்லாமல் தட்டுவதற்கு மட்டுமே ஆனது.

ஒரு மாலை சிவப்பு நூல் அறுந்து, சேறு கொலுசை வைத்துக்கொண்டது. கையால் துழாவினேன். குட்டை நிறையக் கொடுத்த இடம், எதையாவது எடுத்துக்கொள்ளாதா என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அழுதேன்.

எண்ணெய் தேய்க்க உட்காரவைத்தபோது அம்மா பார்த்துவிட்டார்.

"கொலுசு எங்கடி?"

அவர் என் காலை மடியில் எடுத்துவைத்து, நகக்கண்ணில் இருந்த கருஞ்சேற்றைப் பார்த்தார்.

"குட்டையில," என்றேன். "வாத்து மேய்க்கிறேம்மா."

அம்மா அடிக்கவில்லை. "அம்மன்கிட்ட சொல்லியிருக்கேன்டி," என்றார். "இந்தக் கால அன்னைக்கு முழுசா கொண்டாந்து நிறுத்துறேன்னு சொல்லியிருக்கேன். நீ அத போயி சேத்துல கொட்டிட்டு வாரியே." அப்போது அம்மாவுக்கு இன்றைய என் வயதுகூட இல்லை. காய்ச்சல் நாட்களில் என் படுக்கையருகே கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தவர். அவருக்குத் தெரிந்த காப்பாற்றல், தொடாமல் வைப்பதுதான்.

என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே மாமி வீட்டுக்குப் போனார். மாமி வாசலில் குந்தி, வாத்துகளுக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, உங்களுக்குத் தெரியாதா? எம்புள்ள காலு நேர்ந்த காலுலா!" அம்மா பாதி மலாயும் பாதி தமிழுமாகக் கொட்டினார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சேத்துல எறக்கினீங்க?"

மாமி கத்தியை நிறுத்தினார். "உங்கள் ஆட்கள் அம்மனுக்குச் சேவல் நேர்ந்துவிடுகிறார்களே, அதைக் கூடையில் போட்டு மூடியா வைக்கிறார்கள்? அது சந்து முழுக்க ஓடுகிறது. யார் வீட்டு நெல்லையும் தின்கிறது. ஒருவரும் விரட்டுவதில்லை. கூடையில் வைத்தால் திருவிழாவரை இருக்குமா அது?"

"சேவலும் எம்புள்ளயும் ஒண்ணா?"

"சேவலுக்கு நல்ல காலம்," என்று சொல்லிவிட்டு மாமி மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

அம்மா என்னைத் தூக்கியபடியே வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் மறுநாளிலிருந்து துவைகல் இல்லை. மாலைகளில் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து, மாமி ஒரு பக்கமாகக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருவிழா வந்தது. காஜா பேராங் சாலையில் இருந்த சிறிய சன்னிதியிலிருந்து பால்குடங்கள் புறப்பட்டன. மஞ்சள் பாவாடை, தலையில் சின்னப் பித்தளைக் குடம், வாயை மூடிய வாழையிலை. தார்ச்சாலை கொதித்தது. மேளம் காதுக்குள்ளேயே அடித்தது. சாலை முடியும்வரை கால் நன்றாகத்தான் வந்தது. சந்துக்குள் திரும்பி, கால்வாய்மேல் திருவிழாவுக்காகப் பலகை போட்ட பாலத்தில் கூட்டம் நெருக்கியபோது இடது கால் சற்று இழுத்தது. அவ்வளவுதான்; எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஐயோ, புள்ள தள்ளாடுது!"

"கெசியான்லா, பாவம் புள்ள, தூக்கிடுங்க!"

"அம்மன் கோவிச்சுக்க மாட்டா, தூக்குங்க!"

முழங்கையில் ஒரு கை. தோளில் ஒரு கை. நானா கடையிலிருந்து ஒரு நாற்காலியோடு ஓடிவந்தார். கைகளுக்கு நடுவே அடி வைக்க இடமில்லை. சித்தப்பாவின் கைகள் என் அக்குளுக்குள் நுழைந்தன. குதிகால் தரையைவிட்டு எழும்பியது. பழைய மிதப்பு. கண்ணை மூடினால் கோயில் வந்துவிடும். வேலிகளுக்கு மேலாக, எண்ணெய் மணங்களுக்கு நடுவே, தூங்கிக்கொண்டே போய்விடலாம்.

"விடுங்க சித்தப்பா!" என்று கத்தினேன்.

ஊர்வலம் பார்க்க வந்த மாமி நானா கடைப் படியில் நின்றிருந்தார். கையில் மூங்கில் கழி. சத்தம் போடவில்லை. கூட்டத்துக்குமேல் அம்மாவைப் பார்த்து, ஒரே சொல் சொன்னார்.

"பூசிங்."

அம்மா பாதையைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வேப்பிலைக் கொத்தை ஓங்கி, நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னார்: "யாரும் எம்புள்ளயத் தொடாதீங்க. தம்பி, கைய எடு."

சித்தப்பா கையை எடுத்தார். என் குதிகால் தரைக்கு வந்தது.

அம்மா வேப்பிலையால் வழி விலக்கினார். மாமி வீட்டைத் தாண்டி, துவைகல்லைத் தாண்டி, நாங்கள் இருவர் மட்டும் புல்கரைக்கு இறங்கினோம். மேளம் எங்களைவிட்டு விலகி, சந்து வழியாக வேறு திசையில் போனது. இங்கே தண்ணீரின் சத்தமும் அம்மாவின் மூச்சும் மட்டும். பின்னால் அம்மாவின் கால் சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. இது தனக்குத் தெரிந்த இடம் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது. வாத்துகள் கொஞ்சம் விலகி வழிவிட்டன.

பாதியில் வழுக்கி, ஒரு முழங்கால் மடிந்தது. குடம் சாய்ந்து பால் கன்னத்தில் வழிந்தது. அம்மாவின் கை நீண்டதை நிழலில் பார்த்தேன். தண்ணீரின்மேல் அந்த நிழல் என் தோளைத் தொடும் தூரத்தில் நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு பின்னால் போனது.

நான் எழுந்தேன்.

பின்வாசல் வழியாக நாங்கள் நுழைந்தபோது எல்லாக் குடங்களும் முடிந்து, பூசாரி திரை போட இருந்தார். என் கால்களையும் அம்மாவின் சேலைக்கரையையும் பார்த்தார். மீந்த பாலை வாங்கி ஊற்றினார்.

அந்த நேர்த்திக்கடன் சேருமா சேராதா என்ற வழக்கு சந்தில் வெகுநாள் ஓடியது. ஊர்வலத்தோடு வராமல் குறுக்குவழியில் வந்தது செல்லாது என்று ஒரு கட்சி. அது குறுக்குவழி அல்ல, சுற்றுவழி என்று சித்தப்பா. அம்மா ஒரு முறைதான் வாய் திறந்தார்: "நான் அவகிட்ட வழி சொல்லல. இவ காலைத்தான் சொன்னேன்."

மறுநாள் மாலை அம்மா என்னைத் துவைகல்லில் உட்காரவைக்கவில்லை. வாசலில் நின்று, "வாத்து கத்துது பாரு," என்று மட்டும் சொன்னார். ஆகஸ்டு மாதக் கடைசியில் ஊரே கொடி பார்க்கத் திடலுக்குப் போனபோது நடந்தே போனேன். திரும்பும்போது தூக்கம் வந்துவிட்டதால் சித்தப்பாவின் சைக்கிளில் வந்தேன்.

பிறகு நான் வரைபடத் தொழில் படித்தேன். அப்பா குழாய் போட்ட அதே கழகத்தில் வடிகால் வரைகிறேன். இப்போதைய நிலை இது. வலது கொலுசு அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. இடது கொலுசு குட்டை இருந்த இடத்தில், தூர்த்த மண்ணுக்கு அடியில் எங்கோ இருக்கிறது. அந்த மண்ணின்மேல் இப்போது ஓடும் வடிகாலின் வரைபடம் என் கையால் போட்டது; அதன் ஓரமாக, ஒருவர் நடக்கும் அகலத்துக்குப் புல்லை விட்டுவைக்கும்படி குறித்தேன், விட்டிருக்கிறார்கள். மாமி இருக்கிறார், வாத்து இல்லை. இடது கால் வலது காலைவிட மெலிவு. மழையில் கொஞ்சம் இழுக்கும். காலையில் அந்தப் புல் வழியாகத்தான் வேலைக்கு நடந்து போகிறேன்.